உங்கள் வகுப்பிலேயே ஒரு கற்பித்தல் முறையைச் சோதித்துப் பார்ப்பது எப்படி: அயல்மொழி ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாக ஒரு கற்பித்தல் முறையைப் பற்றிக் கேள்விப்பட்டதும் பெரும்பாலான ஆசிரியர்கள் அடுத்த வாரமே அதை வகுப்பில் ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் "நன்றாகப் போகிறது, மாணவர்களுக்குப் பிடித்திருக்கிறது" என்பார்கள். எதைவிட நன்றாக, எவ்வளவு நன்றாக என்று கேட்டால் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. ஆரம்பிக்கும் முன்பு மாணவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்று யாரும் அளந்து வைத்திருக்க மாட்டார்கள்.

பல ஆசிரியர்களுடன் இந்த வேலையில் கூடவே இருந்து பார்த்ததில், தடுமாற்றம் புள்ளியியலில் வருவது குறைவு, வேலைகளைச் செய்யும் வரிசையில்தான் அதிகம் வருகிறது. முதலில் பாடம், அப்புறம் தேர்வுத் தாள், கடைசியில் கேள்வி என்று தலைகீழாகப் போகிறார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள்.

எல்லாப் படிகளுக்கும் ஒரே உதாரணத்தைத்தான் எடுத்துக்கொள்கிறேன். ஜெர்மன் மொழியைப் புதிதாகக் கற்பவர்களுக்குச் சொற்களைப் பார்த்து எழுத வைப்பது ஒரு முறை. பொருளை மட்டும் காட்டிச் சொல்லை மறைத்து எழுத வைத்து, பிறகு அட்டையைத் திருப்பிச் சரிபார்க்கச் சொல்வது இன்னொரு முறை. இரண்டில் எது அதிக நாள் நினைவில் நிற்கிறது? இதே சட்டகத்தில் நீங்கள் வேறு மொழியையும் வேறு கேள்வியையும் பொருத்திக்கொள்ளலாம்.

தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

இரண்டு வகுப்புகள் இருந்தால் வசதி. ஒரே வகுப்புதான் இருக்கிறது என்றாலும் செய்யலாம், அதற்கான வழியை 5-ஆவது படியில் சொல்கிறேன். முன்தேர்விலிருந்து கடைசித் தேர்வு வரை எட்டு வாரம் ஒதுக்குங்கள், நடுவில் நீண்ட விடுமுறையோ பருவத் தேர்வோ வராத எட்டு வாரமாகப் பார்த்து எடுங்கள். சாதாரண ஸ்ப்ரெட்ஷீட் ஒன்று, ஒரு நோட்டுப் புத்தகம், தாள் திருத்த உதவக்கூடிய ஒரு சக ஆசிரியர், இவ்வளவு போதும். சக ஆசிரியரிடம் இப்போதே சம்மதம் வாங்கிவிடுங்கள், கடைசி வாரத்தில் கேட்டால் யாருக்கும் நேரம் இருக்காது.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"விளையாட்டு வழிக் கற்பித்தல் பயன் தருமா?" என்பது ஆய்வுக்கான கேள்வி ஆகாது. எந்த விளையாட்டு, யாருக்கு, எதில் பயன், எதோடு ஒப்பிட்டால், எத்தனை நாள் கழித்து என்ற ஐந்துக்கும் பதில் உள்ளே இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் கேள்வி இப்படி வரும்: தொடக்க நிலை மாணவர்கள் 20 ஜெர்மன் சொற்களை மறைத்து எழுதிப் பயின்றால், அதே நேரம் பார்த்து எழுதிப் பயின்றதைவிட, நான்கு வாரம் கழித்து அதிகச் சொற்களை எழுதிக்காட்டுவார்களா?

வாக்கியம் அழகாக இல்லைதான், ஆனால் அதில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் பின்னால் ஒரு முடிவை உங்களுக்காக எடுத்துக் கொடுக்கும். "எழுதிக்காட்டுவார்களா" என்று இருப்பதால் எழுத்துத் தேர்வு வேண்டும், "அதே நேரம்" என்று இருப்பதால் கடிகாரம் வேண்டும், "நான்கு வாரம்" என்று இருப்பதால் தேதியை இன்றே நாட்காட்டியில் குறிக்க வேண்டும்.

இங்கே அதிகம் பார்க்கும் பிழை, இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் சேர்ப்பது. மறைத்து எழுதும் குழுவுக்குப் படங்களும் கொடுத்து, பார்த்து எழுதும் குழுவுக்கு வெறும் பட்டியலைக் கொடுத்தால், வித்தியாசம் படத்தால் வந்ததா மறைத்ததால் வந்ததா என்று யாராலும் பிரிக்க முடியாது. இரண்டு குழுக்களும் எழுதுகின்றன, இரண்டுக்கும் ஒரே அட்டைகள், ஒன்று மறைக்கிறது மற்றது மறைக்கவில்லை. வித்தியாசம் அது மட்டும்தான் என்று இருக்க வேண்டும்.

2. அனுமதி

நிறுவனத் தலைமையிடம் எழுத்தில் வாங்குங்கள். மாணவர்கள் சிறார் என்றால் பெற்றோரிடமும் வாங்க வேண்டும். தாளில் மூன்று விஷயம் தெளிவாக இருக்கட்டும்: இந்தத் தேர்வுகள் மதிப்பெண் பட்டியலில் சேராது, பெயர் எங்கும் வராது, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். சம்மதிக்காத மாணவரும் வகுப்பில் எல்லோரோடும் பாடம் படிப்பார், அவருடைய தாள் மட்டும் கணக்கில் வராது. ஆசிரியராகிய நீங்களே கேட்பதால் மாணவருக்கு மறுக்கத் தயக்கம் இருக்கும், அதனால் சம்மதத் தாளை வேறொருவர் வழியாக வாங்குவது நல்லது.

3. பாடத்துக்கு முன்பே தேர்வுத் தாளை எழுதிவிடுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவாகும், ஆகட்டும். பாடத்தை நடத்தி முடித்த பிறகு தேர்வுத் தாள் எழுதினால், எந்தச் சொல் வகுப்பில் நன்றாகப் போனதோ அதையே உங்கள் கை தேடிப் போகும்.

கடைசியில் 40 சொற்கள் வேண்டும் என்றால் 60 சொற்களோடு தொடங்குங்கள், முன்தேர்வில் சில உதிர்ந்துவிடும். எவை உதிரும் என்பதைக் கொஞ்சம் முன்கூட்டியே ஊகிக்கலாம். ஜெர்மனில் கை என்பதற்கு ஹாண்ட், விரலுக்கு ஃபிங்கர், புயத்துக்கு ஆர்ம். ஆங்கிலம் தெரிந்த மாணவருக்கு இவை புதுச் சொற்களே அல்ல, பட்டியலில் விட்டால் இரண்டு முறைக்கும் இலவச மதிப்பெண்தான். ஆரம்பத்திலேயே எடுத்துவிடுங்கள்.

அடுத்து, ஒரு சொல்லைத் "தெரியும்" என்பதை எப்படி அளப்பது? சொல்லைக் காட்டிப் பொருளைக் கேட்பது எளிது. பொருளைக் காட்டிச் சொல்லை எழுதச் சொல்வது கடினம். ஒருவர் முதலாவதில் 18 எடுத்துவிட்டு இரண்டாவதில் 7 எடுப்பது சர்வ சாதாரணம். இரண்டையும் வைக்கலாம், ஆனால் வரிசை முக்கியம்: முதலில் எழுதும் தேர்வு, தாளை வாங்கிக்கொண்ட பிறகு பொருள் கேட்கும் தேர்வு. மாற்றிச் செய்தால் இரண்டாவது தேர்வுக்கான விடைகளை முதல் தாளிலேயே அச்சடித்துக் கொடுத்ததாகிவிடும். புதியவர்களில் பெரும்பாலோர் எளிதானது முதலில் இருக்கட்டும் என்று நினைத்து இதைத் தலைகீழாக வைக்கிறார்கள்.

திருத்தும் விதியையும் இப்போதே எழுதிவையுங்கள். மேசைக்கு ஜெர்மனில் 'டேர் டிஷ்', அதாவது பெயர்ச்சொல்லோடு அதன் பால் காட்டும் 'டேர்' சேர்ந்தே வர வேண்டும். ஒரு மாணவர் வெறும் 'டிஷ்' என்று எழுதுகிறார், இன்னொருவர் 'தாஸ் டிஷ்' என்று தவறான பாலோடு எழுதுகிறார், மூன்றாமவர் 'டேர் டிஷ்' என்றே எழுதிவிட்டு ஓர் எழுத்தை விட்டுவிடுகிறார். மூவருக்கும் எவ்வளவு கொடுப்பீர்கள்? நான் சொல்லுக்கு 1, பாலுக்கு தனியாக 1 என்று இரண்டு பத்தியில் குறிக்கச் சொல்வேன், ஓர் எழுத்துப் பிழை இருந்து சொல் அடையாளம் தெரிந்தால் சொல்லுக்கான 1 உண்டு. நீங்கள் வேறு மாதிரி வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு தாளைக்கூடப் பார்க்கும் முன் விதி எழுத்தில் இருக்க வேண்டும். தாளைப் பார்த்த பிறகு விதி போட ஆரம்பித்தால், பிடித்த முறைக்கு இளகியும் பிடிக்காத முறைக்கு இறுகியும் போகும், அது நமக்கே தெரியாமல் நடக்கும்.

தாள் தயாரானதும் ஆய்வில் இல்லாத நான்கைந்து பேரிடம் எழுதவைத்துப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது, எந்த வினா புரியவில்லை, எந்தப் பொருளுக்கு இரண்டு சரியான விடைகள் வருகின்றன என்று அப்போதுதான் தெரியும்.

ஏற்கெனவே பயன்படுத்திச் சரிபார்த்த தேர்வுகளும் வினாத்தாள்களும் வேண்டுமென்றால் ஐரிஸ் என்ற இலவச இணையக் களஞ்சியத்தில் தேடலாம். மொழி கற்றல் ஆய்வாளர்கள் தங்கள் கருவிகளை அங்கே பொதுவில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

4. முன்தேர்வு

பாடம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு 60 சொற்களையும் வைத்துத் தேர்வு எடுங்கள். விடைகளைச் சொல்லாதீர்கள், மாணவர்கள் கேட்டாலும் "பாடத்தில் வரும்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். சொன்னீர்கள் என்றால் முன்தேர்வே பாடமாகிவிடும்.

முடிந்ததும், இரண்டு மூன்று பேருக்கு மேல் தெரிந்திருந்த சொற்களை நீக்குங்கள். மிச்சத்தில் 40 எடுங்கள்.

"எல்லோருமே புதியவர்கள்தானே, முன்தேர்வு எதற்கு?" என்று கேட்பவர்கள் நிறைய. வகுப்பில் ஒரு மாணவர் அந்த மொழியில் தொடர்கள் பார்ப்பவராக இருப்பார், இன்னொருவருக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கும். முன்தேர்வு இல்லாவிட்டால் அவர்கள் முன்பே அறிந்ததெல்லாம் உங்கள் முறையின் வெற்றியாகப் பதிவாகும்.

5. ஒப்பிடுவதற்கு ஏற்பாடு

ஒரு வகுப்புக்குப் புது முறை, இன்னொரு வகுப்புக்குப் பழைய முறை என்று பிரிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதில் சிக்கல் என்னவென்றால் இரண்டு வகுப்புகள் ஒன்றுபோல் இருப்பதே இல்லை, ஒன்று காலையில் நடக்கும், மற்றது சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் சொக்கும் நேரத்தில் நடக்கும்.

அதனால் குறுக்காக மாற்றிப் போடுங்கள். 40 சொற்களையும் 'அ', 'ஆ' என்று 20, 20 ஆகப் பிரியுங்கள். சொல் நீளமும் பெயர்ச்சொல் வினைச்சொல் எண்ணிக்கையும் இரண்டிலும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். பிறகு:

- முதல் வகுப்பு: 'அ' பட்டியலை மறைத்து எழுதும், 'ஆ' பட்டியலைப் பார்த்து எழுதும்.
- இரண்டாம் வகுப்பு: 'அ' பட்டியலைப் பார்த்து எழுதும், 'ஆ' பட்டியலை மறைத்து எழுதும்.

இப்போது ஒவ்வொரு மாணவரும் இரண்டு முறையிலும் படிக்கிறார், அவரை அவரோடேயே ஒப்பிடலாம். ஒரு பட்டியல் கொஞ்சம் எளிதாக அமைந்துவிட்டாலும் அந்தச் சாதகம் இரண்டு முறைக்கும் சமமாகப் போய்விடும். இன்னொரு நன்மையும் உண்டு, "நல்ல முறை" என்று நாம் நினைப்பதை ஒரு வகுப்புக்கு மறுத்துவிட்டோமே என்ற உறுத்தல் இருக்காது. ஒரே வகுப்பு இருப்பவர்கள் சீட்டுக் குலுக்கி மாணவர்களை இரண்டாகப் பிரித்து இதையே செய்யலாம், அட்டைக் கட்டுகளை மட்டும் வேறுவேறாகத் தயாரிக்க வேண்டியிருக்கும். பிரிக்கும்போது வரிசைப்படியோ மதிப்பெண்படியோ போகாதீர்கள், குலுக்கல்தான்.

6. பாடம் நடக்கும் நாட்கள்

இரண்டு வாரத்தில் நான்கு அமர்வு, ஒவ்வொரு முறைக்கும் ஓர் அமர்வில் 12 நிமிடம். கடிகாரம் வைத்து நிறுத்துங்கள். புது முறைக்கு மட்டும் ஆர்வத்தில் ஐந்து நிமிடம் கூடுதலாகப் போவதைப் பல வகுப்புகளில் பார்த்திருக்கிறேன், அந்த ஐந்து நிமிடம் கடைசியில் வரும் முடிவையே சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும். எது முதலில் எது இரண்டாவது என்பதையும் அமர்வுக்கு அமர்வு மாற்றுங்கள்.

மறைத்து எழுதும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். விடை வராத மாணவர் பேனாவைக் கடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார், அல்லது இரண்டு நொடியில் அட்டையைத் திருப்பிவிடுவார். பத்து நொடி முயற்சி, பிறகு திருப்பிப் பார்ப்பது, தவறு என்றால் சரியாக ஒருமுறை எழுதுவது என்று நடைமுறையைச் சொல்லிக்கொடுத்துப் பழக்குங்கள். முயற்சிக்குப் பின் சரியான விடையைப் பார்க்காவிட்டால் பிழையே மனதில் பதியும், முயற்சியே இல்லாமல் திருப்பினால் அது வெறும் பார்த்து எழுதுவதுதான்.

எந்த முறை உயர்ந்தது என்று உங்கள் எண்ணத்தை மாணவர்களிடம் சொல்லாதீர்கள். அட்டைகளை ஒவ்வொரு முறையும் திரும்ப வாங்கிவிடுங்கள், வீட்டுக்குப் போனால் யார் எவ்வளவு நேரம் படித்தார்கள் என்று தெரியாது. அமர்வு முடிந்த கையோடு நோட்டில் ஐந்து வரி எழுதுங்கள்: யார் வரவில்லை, எங்கே நேரம் தவறியது, எந்தச் சொல்லில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பை வரவழைத்த சொல் முறை எதுவானாலும் நினைவில் நிற்கும், பின்னால் அந்த ஒரு சொல்லின் எண் ஏன் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது என்பதற்கு இந்த நோட்டில்தான் பதில் கிடைக்கும்.

7. இரண்டு பின்தேர்வுகள், இரண்டாவதுதான் முக்கியம்

பாடம் முடிந்த மறுநாள் ஒரு தேர்வு, நான்கு வாரம் கழித்து அறிவிப்பில்லாமல் ஒரு தேர்வு. முதல் தேர்வோடு நிறுத்துவதுதான் இந்த வேலையில் எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை.

காரணம் இருக்கிறது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னணியில் இருந்தார்கள், ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். உடனடித் தேர்வை மட்டும் வைத்து முடிவு சொல்லியிருந்தால் நேர் எதிரான முடிவு வந்திருக்கும்! அதே இருவர் 2008-ல் 40 சுவாஹிலி சொற்களை வைத்துச் செய்த சோதனையில், ஒரு சொல்லைச் சரியாகச் சொன்ன பிறகும் தொடர்ந்து நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்துச் சுமார் 80 சதவீதச் சொற்களைச் சொன்னார்கள். ஒருமுறை சரியானதும் சொல்லிப் பார்ப்பதை நிறுத்திவிட்டவர்கள், படிப்பதைத் தொடர்ந்திருந்தாலும்கூட, மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் சொன்னார்கள்.

முன்தேர்வில் இருந்த அதே விதிகள், அதே நேரம். சொற்களின் வரிசையை மட்டும் கலைத்துவிடுங்கள். அறிவித்தால் முந்தின இரவு படித்துவிட்டு வருவார்கள், நீங்கள் அளப்பது அந்த இரவைத்தான்.

8. திருத்துதல்

பெயருக்குப் பதில் குறியெண் போடுங்கள். எந்தத் தாள் எந்தக் குழு என்று தெரியாதபடி எல்லாத் தாள்களையும் கலந்துவிட்டுத் திருத்துங்கள். சக ஆசிரியரிடம் ஐந்தில் ஒரு பங்கு தாள்களைப் படியெடுத்துக் கொடுத்து, 3-ஆவது படியில் எழுதிய விதியை மட்டும் கையில் வைத்துத் திருத்தச் சொல்லுங்கள். இருவருக்கும் அடிக்கடி வேறுபாடு வந்தால் விதி தெளிவாக இல்லை என்று அர்த்தம். விதியைச் சரிசெய்து எல்லாத் தாள்களையும் மறுபடி திருத்துங்கள், வேறு வழியில்லை.

9. எண்களைப் படிப்பது

ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு மாணவருக்கு ஒரு வரி. மறைத்து எழுதிய பட்டியலில் எத்தனை, பார்த்து எழுதியதில் எத்தனை, வித்தியாசம் எவ்வளவு என்று மூன்று பத்தி. ஓர் அமர்வுக்கு மேல் வராதவர்களையும் கடைசித் தேர்வு எழுதாதவர்களையும் நீக்கலாம், ஆனால் இந்த விதியும் முன்பே எழுதியிருந்ததாக இருக்க வேண்டும்.

சராசரிக்குப் போகும் முன் வித்தியாசப் பத்தியை மேலிருந்து கீழாக ஒருமுறை படியுங்கள். எத்தனை பேருக்குக் கூடியிருக்கிறது, எத்தனை பேருக்குக் குறைந்திருக்கிறது, இரண்டு மூன்று பேர் மட்டும் சராசரியை இழுத்துக்கொண்டு போகிறார்களா? 30 பேரில் 24 பேருக்கு ஒன்றிரண்டு சொல் கூடியிருப்பது ஒரு கதை, மூன்று பேருக்குப் பத்துப் பத்தாகக் கூடி மற்றவர்கள் அப்படியே இருப்பது வேறு கதை. சராசரி இரண்டையும் ஒரே எண்ணாகக் காட்டிவிடும்.

பிறகு விளைவின் அளவைக் கணக்கிடுங்கள். இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால், அதாவது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் எண்ணால், வகுப்பதுதான். கணக்குக்காக ஒரு கற்பனை எண்: மறைத்து எழுதியதில் சராசரி 11.2, பார்த்து எழுதியதில் 8, திட்ட விலக்கம் இரண்டிலும் 4 என்றால், 3.2-ஐ 4-ஆல் வகுக்க 0.8. இது பெரிதா சிறிதா? பொதுவான உளவியல் புத்தகங்களில் 0.8 என்றால் பெரியது என்று போட்டிருக்கும், பலர் அதையே எழுதிவிடுகிறார்கள். மொழி கற்றல் ஆய்வுகளை மட்டும் தொகுத்துப் பார்த்து பிளான்ஸ்கி, ஆஸ்வால்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2014-ல் வேறு அளவுகோல் கொடுத்தார்கள்: இரண்டு தனித்தனிக் குழுக்களை ஒப்பிட்டால் 0.4 சிறியது, 0.7 நடுத்தரம், 1.0 பெரியது. ஒரே ஆட்களை அவர்களோடேயே ஒப்பிட்டால் 0.6, 1.0, 1.4. நம்முடையது இரண்டாவது வகை என்பதால் அந்த 0.8 சிறியதுக்கும் நடுத்தரத்துக்கும் இடையில் வருகிறது. நல்ல முடிவுதான், கொண்டாடும் அளவுக்கு இல்லை.

10. நான்கைந்து மாணவர்களிடம் பேசுங்கள்

அதிகம் கூடியவர், குறைந்தவர், மாறாதவர் என்று கலந்து தேர்ந்தெடுங்கள். "எந்த முறை பிடித்தது?" என்பதோடு நிறுத்தாதீர்கள். மேலே சொன்ன 2008 சோதனையில் எல்லாக் குழுக்களும் தாங்கள் ஏறக்குறைய ஒரே அளவு நினைவில் வைத்திருப்போம் என்றுதான் கணித்தன, உண்மையில் எவ்வளவு வித்தியாசம் வந்தது என்று பார்த்தோம். ஒருவருக்கு எளிதாகத் தோன்றியது அவருக்கு நிலைத்ததாக இருக்க வேண்டியதில்லை.

அதற்குப் பதிலாகத் தாளைக் கையில் கொடுத்து, "இந்தச் சொல்லை எழுதும்போது மனதில் என்ன வந்தது, சத்தமாகச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். முதல் எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மிச்சத்தை ஊகிக்கிறாரா, அட்டையின் மூலையில் எங்கே எழுதியிருந்தது என்று நினைவுபடுத்துகிறாரா என்பதெல்லாம் வெளியே வரும். எண்களில் இது ஒருபோதும் தெரியாது.

11. பேச்சு தொடர்பான கேள்வி எடுத்தால் மாற வேண்டியவை

லிஸ்டர், ரன்டா என்ற மொழி கற்றல் ஆய்வாளர்கள் இருவரும் 1997-ல் கனடாவில் பிரெஞ்சு வழி வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, மாணவர் சொன்னதையே ஆசிரியர் திருத்திச் சொல்லிவிடுவதுதான் அதிகம் நடந்தது, மாணவர் அதைக் கவனித்துத் தன் வாக்கியத்தைச் சரிசெய்ததோ அதில்தான் மிகக் குறைவு. இதை உங்கள் வகுப்பில் சோதிக்க நினைத்தால் ஒலிப்பதிவு வேண்டும், அதற்குத் தனி அனுமதி வேண்டும், பதிவைக் கேட்டு எழுதுவதற்கு பாடம் நடந்த நேரத்தைப் போல் பல மடங்கு ஆகும். முதல் ஆய்வுக்கு ஒரு வகுப்பில் 15 நிமிடம் மட்டும் பதிவு செய்யுங்கள். படிகளின் வரிசை இதுவேதான்.

12. எழுதி வையுங்கள், ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி நடத்துங்கள்

நான்கு பக்கம் போதும்: கேள்வி, யார், என்ன செய்தோம், என்ன வந்தது, எங்கே தவறியது. "நிரூபிக்கப்பட்டது" என்று எழுதாதீர்கள், "இந்த இரண்டு வகுப்புகளில், இந்தச் சொற்களில், நான்கு வாரத்தில் இப்படி இருந்தது" என்று எழுதுங்கள். வித்தியாசமே வரவில்லை என்றாலும் அப்படியே எழுதுங்கள், அதே முறையில் நேரத்தைக் கொட்ட இருக்கும் அடுத்த ஆசிரியருக்கு அந்த நான்கு பக்கம் உண்மையான உதவி.

அடுத்த சுற்றில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள். நான்கு அமர்வை இரண்டு வாரத்துக்குப் பதில் நான்கு வாரத்துக்குப் பரப்பிப் பார்க்கலாம், அல்லது தனிச் சொல்லுக்குப் பதில் சிறு வாக்கியத்தை மறைத்து எழுத வைக்கலாம். தேர்வுத் தாளின் அமைப்பும் திருத்தும் விதியும் ஏற்கெனவே இருப்பதால் இரண்டாவது சுற்றுக்கு உழைப்பு குறைவு. சொற்கள் மட்டும் புதிதாக வேண்டும், அதனால் முதல் சுற்றில் மிஞ்சியவற்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.